பக்கத்து இலையும் நம் சாப்பாடும்

கும்பகோணத்தில் கடைத்தெருவை ஒட்டி ஒரு மெஸ். மதியம் ஒன்றேகால் மணி. சாம்பார் சோற்றை முடித்துவிட்டு வத்தக்குழம்புக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் முதுகில் ஒரு கை வந்து அமர்ந்தது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அடுத்து சாப்பிட வேண்டியவர் இடம் பிடித்துவிட்டார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை அவர். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் இலையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று மேலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ரசத்தை விட்டேன். நேராக மோருக்குப் போய், அப்பளத்தை முழுசாக வைத்தபடியே இலையை மூடி எழுந்தேன்.

அதே மெஸ்ஸில் பன்னிரண்டு மணிக்குப் போயிருந்தால் அதே விலை, அதே சமையல், அதே பரிமாறுபவர். ஆனால் அது வேறு சாப்பாடாக இருந்திருக்கும். நடுவில் மாறியது ஒன்றே ஒன்று: யாரென்றே தெரியாத ஒரு மனிதரின் கை.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். ஒரு சேவையை நாம் தனியாக வாங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான சேவைகளை முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்துதான் வாங்குகிறோம். அந்த மற்றவர்கள் நம் அனுபவத்தை எப்படி மாற்றுகிறார்கள், எப்போது கெடுக்கிறார்கள், எப்போது அவர்களால் நமக்கே நன்மை என்பதுதான் கேள்வி.

முதலில் பொருளுக்கும் சேவைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வோம். கடையில் ஒரு சிப்பம் பொன்னி அரிசி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், அதே அரிசியை இன்னும் நாற்பது பேர் வாங்கினார்களா, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதெல்லாம் நம் உலையைத் தொடாது. முடி வெட்டுவது, பேருந்துப் பயணம், ஓட்டல் சாப்பாடு, மருத்துவரைப் பார்ப்பது எல்லாம் அப்படி இல்லை. இவை நம் கண்ணெதிரே, நாம் அங்கே இருக்கும்போதே தயாராகின்றன. தயாராகும் இடத்தில் நாமும் இருக்கிறோம், மற்ற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அதனால் அவர்களும் சரக்கில் ஒரு பங்கு.

பிரான்சைச் சேர்ந்த பியர் ஐக்லியே, எரிக் லான்ஜார் என்ற இரண்டு மேலாண்மைப் பேராசிரியர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள்: செர்வக்‌ஷன். சர்வீஸையும் புரொடக்‌ஷனையும் ஒட்டிய சொல். சேவை என்பது கடைக்காரர் செய்து கொடுப்பது மட்டுமல்ல. இடம், ஊழியர், நாம், நம் பக்கத்தில் இருப்பவர் எல்லோரும் சேர்ந்து உண்டாக்குவது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த எவருக்கும் இது புதுச் செய்தி அல்ல. பக்கத்து இலைக்காரர் பாயசத்தை உறிஞ்சும் சத்தத்தில் நம் பசி போவதும் உண்டு. அவர் கேட்டு வாங்கும் அழகில் நமக்கும் இன்னொரு கரண்டி தோன்றுவதும் உண்டு.

கண்ணுக்குத் தெரியும் சக வாடிக்கையாளர் இப்படித்தான். சத்தம், இடம், வாசனை, பார்வை என்று எல்லாம் நேரடி. அதனால் நாமும் நேரடியாகவே ஏதாவது செய்துகொள்கிறோம். "கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணே" என்றால் வேலை முடிந்தது. ரயிலில் படுக்கை வசதிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கை. நடுப் படுக்கைக்காரர் அதை விரித்தால் கீழ்ப் படுக்கைக்காரர் நிமிர்ந்து உட்கார முடியாது. ஒருவர் வாங்கிய வசதி இன்னொருவர் வாங்கிய வசதியின் தலையில் இடிக்கிறது. ரயில்வே இதற்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் நடுப் படுக்கை என்று விதி போட்டிருக்கிறது. 2017-க்கு முன்னால் அது 9 மணியாக இருந்தது. நடைமுறையில் மயிலாடுதுறை தாண்டுவதற்குள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். பேச்சு முறிந்தால்தான் விதியை இழுப்பார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, கண்ணுக்குத் தெரியாத சக வாடிக்கையாளர்.

கடைமடைக் கம்பம்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. காவிரிக்கு மட்டும் கடைமடை இல்லை, கரண்டுக்கும் கடைமடை. டிரான்ஸ்பார்மர் மெயின் ரோட்டில். எங்கள் வீடு அதிலிருந்து வரும் லைனில் கடைசிக் கம்பத்துக்கு முந்தின கம்பம். சாயந்திரம் ஆறரை மணிக்கு ட்யூப்லைட் போட்டால் இரண்டு மூலையிலும் செம்பழுப்பாகக் கண் சிமிட்டும், எரியாது. அம்மா ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடுவார். மெயின் ரோட்டில் மளிகைக் கடையில் அதே நேரத்தில் வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். கடைக்காரரும் நாங்களும் ஒரே டிரான்ஸ்பார்மரின் வாடிக்கையாளர்கள்.

ஏன் இப்படி? கம்பிக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. அதில் ஓடும் மின்னோட்டத்தை அந்தத் தடையால் பெருக்கினால் வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று வரும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: கம்பியின் தடை அரை ஓம். லைனில் 20 ஆம்பியர் ஓடினால் 10 வோல்ட் வழியில் போகும். 230-ல் 220 நமக்குக் கிடைக்கும். ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு, மிக்ஸி, அப்புறம் வயலில் இரண்டு மோட்டார் என்று 80 ஆம்பியர் ஓடினால் 40 வோல்ட் போய்விடும், நமக்கு 190. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கம்பியின் நீளம் குறைவு, தடையும் குறைவு. அவருக்கு எதுவுமே தெரியாது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. தன் மிக்ஸியைத்தான் போட்டார்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த, அதே சமயம் எரிச்சலூட்டும் விஷயம் வருகிறது. வோல்டேஜ் குறைந்ததும் பக்கத்து வீட்டுச் சித்தப்பா ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினார். ஸ்டெபிலைசர் வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும். ஆனால் அதற்காக லைனிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். கூடுதல் மின்னோட்டம் என்றால் வழியில் கூடுதல் இழப்பு. அவர் வீட்டில் டிவி தெளிந்தது. எங்கள் வீட்டில் விளக்கு இன்னும் கொஞ்சம் மங்கியது. அப்புறம் நாங்கள் ஒன்று வாங்கினோம். கடைசிக் கம்பத்துக்காரர் எங்களைத் திட்டியிருப்பார், காரணம் தெரிந்திருந்தால். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் இதே குணம்தான்: வோல்டேஜ் விழுந்தால் அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டம் கேட்கும், சூடேறும், வோல்டேஜை இன்னும் கீழே தள்ளும்.

பங்கிட்டுக்கொள்ளும் சேவைகளில் இது திரும்பத் திரும்ப நடக்கும். நெருக்கடி வந்ததும் ஒவ்வொருவரும் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் காரியமே நெருக்கடியைக் கூட்டும். மெஸ்ஸில் கூட்டம் ஏறினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்துகிறோம். பக்கத்து மேசைக்காரர் நம் சத்தத்தைத் தாண்ட இன்னும் உயர்த்துகிறார். சத்தத்துக்கு நடுவே மனிதர்கள் தம்மையறியாமல் குரலை ஏற்றுவதற்கு லொம்பார் விளைவு என்றே பெயர். அதைக் கவனித்துச் சொன்ன பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. வரிசை நீளமாக இருந்தால் வீட்டிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு இன்னொரு கவுன்டரில் நிறுத்துகிறோம். இரண்டு வரிசையும் நீள்கிறது. சித்தப்பாவின் ஸ்டெபிலைசரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இப்படிப்பட்ட இடங்களில் எல்லாம் அது தெரியும்.

காவிரித் தண்ணீரில் இது இன்னும் பழைய கதை. வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். அணையில் 120 அடிக்கு நீர் இருந்தால் 93.47 டிஎம்சி. முக்கொம்பு தாண்டி, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னி வாய்க்காலாகி, எங்கள் மடைக்கு வந்து சேர நாள் கணக்காகும். மேலே இருப்பவர் மனசு வைத்தால் வரும் என்பது ஊர்ப்பேச்சு. தண்ணீர் குறையும்போது ஆறுகளுக்கு முறை வைத்துத் திறப்பார்கள். இத்தனை நாள் உனக்கு, இத்தனை நாள் எனக்கு. தண்ணீருக்குத் தீர்வை கட்டுகிறவனை வாடிக்கையாளர் என்று சொல்லலாமா என்று யாராவது கேட்டால், சரி, சொல்ல வேண்டாம். ஆனால் மேலே ஒருவர் எண்ணெய் இன்ஜின் வைத்து இறைப்பதும் சித்தப்பா ஸ்டெபிலைசர் வாங்குவதும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம் உண்டு: ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது வடிகால் எல்லாம் எங்கள் பக்கம்தான் வரும். பற்றாக்குறையில் கடைசி, வெள்ளத்தில் முதல். கரண்டு அந்த அளவுக்குக் கொடுமைக்காரன் இல்லை.

இன்டர்நெட்டும் இதே குடும்பம்தான். இப்போது ஊர்களுக்கு வந்திருக்கும் ஃபைபர் இணைப்பில் பரவலாக இருப்பது ஜிபான் என்ற முறை. ஒரே ஒரு கண்ணாடி இழை கம்பெனியிலிருந்து வரும்; வழியில் ஒரு சின்னப் பெட்டியில் அது 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். அந்த ஒற்றை இழையில் இறங்கும் வேகம் மொத்தம் நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட். 32 வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் ஒரு வீட்டுக்கு 78 மெகாபிட் சொச்சம். 64 வீடு என்றால் 39. நமக்கு விற்ற பிளான் 100 மெகாபிட். ஏமாற்றா? பெரும்பாலும் இல்லை. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் இறக்குகிறார். அந்த நம்பிக்கையில்தான் மாதம் சில நூறு ரூபாய்க்கு அது நமக்குக் கிடைக்கிறது. தனி இழை கேட்டால் விலையைக் கேட்டு மயக்கம் வரும். பிரச்சினை இரவு எட்டு மணிக்கு, கிரிக்கெட் இறுதிப் போட்டி அன்று. அன்றைக்கு மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள். நெரிசல் வீட்டு வாசலில் இல்லாமல் இன்னும் மேலே, கம்பெனியின் பெரிய பாதையிலும் இருக்கலாம். நமக்குத் தெரிவதெல்லாம் திரையில் சுற்றும் வட்டம் ஒன்றுதான்.

மெஸ்ஸில் நாற்காலியில் கை வைத்தவரோடு எனக்கு வருத்தம் இருந்தாலும் அவர் பசி எனக்குப் புரிந்தது. கம்பியில் வருபவர், இழையில் வருபவர் முகம் நமக்குத் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் கோபம் முழுக்க கம்பெனி மீதோ ஆபீஸ் மீதோ திரும்புகிறது. பாதி நேரம் அது நியாயம்தான். 32 வீட்டுக்குப் பிரிக்க வேண்டிய இழையை 64 வீட்டுக்குப் பிரித்துப் பணம் மிச்சம் பிடிப்பதும், டிரான்ஸ்பார்மர் மாற்ற மனுக் கொடுத்தால் அது மேசையிலேயே தூங்குவதும் நடக்கத்தான் செய்கிறது. மீதி நேரம் அது பக்கத்து வீட்டு மிக்ஸி.

தொண்ணூறு சதவீதத்தில் என்ன ஆகிறது

ஆரம்பநிலை வாசகர்கள் ஒரே ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் போதும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

நவம்பர் பாதியில் சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது எங்கள் பக்கத்து இ-சேவை மையத்துக்கு ஒருநாள் வந்து பாருங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு ஊரே நிற்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு தங்கச்சி. ஓர் ஆளுக்குச் சராசரியாக நான்கு நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் மணியடித்தாற்போல வருவதில்லை. திடீரென்று ஐந்து பேர், அப்புறம் கொஞ்ச நேரம் யாருமில்லை. சிலருக்கு இரண்டு நிமிஷம், சிலருக்குப் பத்து.

அந்தத் தங்கச்சிக்கு நேரத்தில் பாதிதான் வேலை இருக்கிறது என்றால், வருகிறவர் வரிசையில் காத்திருப்பது சராசரியாக நான்கு நிமிஷம். நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் வேலை இருந்தால் காத்திருப்பு 16 நிமிஷம். தொண்ணூறு என்றால் 36. தொண்ணூற்றைந்து என்றால் 76. பாதியிலிருந்து எண்பதுக்குப் போக முப்பது புள்ளி ஏறியது, கூடிய காத்திருப்பு 12 நிமிஷம். தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு வெறும் ஐந்து புள்ளி. கூடியது 40 நிமிஷம். அதாவது நெரிசல் படிப்படியாக ஏறுவதில்லை. ஓர் எல்லை வரை யாருக்கும் எதுவும் தெரியாது. அப்புறம் திடீரென்று தலைக்கு மேல் போய்விடும். இந்த வகைக் கணக்குக்கு அடிக்கல் போட்டவர் டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங். 1909-ல் வெளியான அவரது கட்டுரை, எத்தனை பேர் ஒரே எக்ஸ்சேஞ்சைப் பங்கிட்டுக்கொண்டால் எவ்வளவு நெரிசல் என்பதைப் பற்றியதுதான்.

இதில் சக வாடிக்கையாளரின் பங்கு எங்கே? எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அடங்கலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். போனில் மகனைக் கூப்பிட்டு, அவன் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அது மங்கலாக வந்து, மறுபடி அனுப்பி. பதினைந்து நிமிஷம் போனது. அவர் இழந்தது பதினைந்து நிமிஷம். அவருக்குப் பின்னால் நின்ற நாங்கள் பதினெட்டுப் பேரும் ஆளுக்குப் பதினைந்து. கூட்டினால் நான்கரை மணி நேரம். கொள்முதல் நிலையத்திலும் இதுதான் கதை. ஈரப்பதம் 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. முன்னால் இருப்பவர் நெல்லைச் சரியாகக் காயவைக்காமல் கொண்டுவந்திருந்தால், பேச்சு நீளும், தூற்றும் இயந்திரம் நிற்கும், பின்னால் குவித்து வைத்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே தார்ப்பாயை இழுத்து மூடுவார். சக வாடிக்கையாளர் எவ்வளவு தயாராக வருகிறார் என்பது நம் நேரத்தின் விலை. இதைப் புரிந்த கடைக்காரர், வரிசையில் நிற்கும்போதே ஒரு பையனை அனுப்பி "அண்ணே, அடங்கல் இருக்கா, பாஸ்புக் முதல் பக்கம் ஜெராக்ஸ் இருக்கா" என்று கேட்க வைப்பார். அந்த மையத்தில் மறுவருஷம் அதைச் செய்தார்கள். கம்ப்யூட்டர் இன்னொன்று வாங்குவதைவிடச் செலவு குறைவு.

காத்திருப்பின் வலி நிமிஷத்தில் மட்டும் இல்லை. டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-ல் இதைப் பற்றி எழுதியது இன்றும் வகுப்புகளில் பாடம்: சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தோன்றும், எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும், காரணம் தெரியாவிட்டால் இன்னும், அநியாயமாகத் தோன்றினாலும் நீளும். துணையோடு நின்றால் குறையும். எங்கள் கொள்முதல் நிலைய வாசலில் சீட்டாட்டம் ஏன் களைகட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

அநியாயம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடி போயிருப்பீர்கள்; இல்லை, சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு. பொது தரிசன வரிசை கம்பித் தடுப்புக்குள் பாம்பு போல வளையும். சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவர்கள் பக்கவாட்டில் வருவார்கள். இரண்டு வரிசையும் தனித்தனியாக இருக்கும்வரை யாருக்கும் பெரிதாக மனம் கோணாது. சன்னிதிக்குப் பக்கத்தில் இரண்டும் சேரும் இடத்தில்தான் முணுமுணுப்பு. நிறுத்துவதும் விடுவதும் நம் கண் முன்னால் நடக்கிறது. அவர் போவதற்காக நான் நிற்கிறேன் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. விமானத்திலும் இதே ஏற்பாடுதான்; திரை போட்டு மறைத்துவிடுகிறார்கள்.

இடையில் புகுகிறவர் கதை வேறு. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவர் மாணவர்களும் நியூயார்க்கில் வேண்டுமென்றே ஆட்களை வரிசைகளில் புக வைத்துச் சோதித்தார்கள். 1986-ல் அந்த ஆய்வு வெளியானது. அதிகம் ஆட்சேபிப்பவர், புகுந்தவருக்கு நேர் பின்னால் நிற்பவர். அவருக்கும் அவருக்குப் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் நஷ்டம் ஒன்றுதான், ஓர் ஆள். ஆனாலும் கேட்கும் பொறுப்பு அவர் தலையில்தான் என்று மற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் கொஞ்சம் திருத்தம் வேண்டும்: எங்கிருந்தோ பத்தாவது ஆளாக நிற்கும் ஓர் அத்தை எல்லோருக்காகவும் குரல் கொடுத்துவிடுவார். "ஏம்ப்பா, நாங்கள்லாம் மனுஷங்க இல்லையா?" வரிசை உடனே நேராகும்.

பக்கத்து இலைக்குப் பாயசம்

இதுவரை சொன்னதைப் பார்த்தால் சக வாடிக்கையாளர் என்றாலே தொல்லை என்று தோன்றும். அது பாதிதான்.

தை மாதம் சம்பா அறுவடை. வயலில் ஈரம் காயாத இடங்களில் டயர் வண்டி புதையும். பெல்ட் மிஷின் வேண்டும். மிஷின்கள் வெளிமாவட்டங்களிலிருந்து லாரியில் ஏறி வரும், மணிக்கு இவ்வளவு வாடகை என்று. எங்களுக்கு மூன்று மா நிலம், அதாவது ஓர் ஏக்கர். எங்கள் வயல் மட்டும் முற்றி நின்றால் மிஷின்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஓர் ஏக்கருக்காக இறக்கி ஏற்றக் கட்டாது. மேலும் எங்கள் வயலுக்குப் போக மூன்று பேர் வயலைத் தாண்ட வேண்டும்; அவர்கள் பயிர் நின்றால் வழியே இல்லை. ஆகவே அவர்களும் அன்றைக்கே அறுக்க வேண்டும் என்று நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுவோம். பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பது என்று கிண்டலாகச் சொல்வார்களே, அசல் அதுதான். இங்கே மற்ற வாடிக்கையாளர் இல்லாவிட்டால் சேவையே இல்லை.

ஷேர் ஆட்டோவும் அப்படி. நீங்கள் முதல் ஆளாக ஏறினால் "ஆள் சேரட்டும்" என்று ஓட்டுநர் டீ குடிக்கப் போய்விடுவார். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் ஏறும்போது மனசுக்குள் வரவேற்கிறோம். ஐந்தாவது ஆளுக்கு நகர்ந்து கொடுக்கிறோம். எட்டாவது ஆள் கம்பியில் தொற்றும்போது "போதும்ப்பா, எடு" என்கிறோம். பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் புக்கானன் 1965-ல் கிளப் பற்றிய கோட்பாடாக எழுதியது ஏறத்தாழ இந்த ஆட்டோதான்: ஒவ்வொரு புது உறுப்பினரும் செலவைப் பங்கு போட்டுக் குறைக்கிறார், கூடவே நெரிசலையும் கூட்டுகிறார், இரண்டும் சமமாகும் எண்ணிக்கை ஒன்று இருக்கிறது. ஓட்டுநருக்கும் நமக்கும் அந்த எண் ஒன்றாக இருப்பதில்லை. அதுதான் தகராறு.

அடர்த்தி வேறு, நெரிசல் வேறு என்று உளவியலில் பிரிப்பார்கள். 1972-ல் டேனியல் ஸ்டோகல்ஸ் எழுதியதிலிருந்து இந்தப் பிரிவு பழக்கத்தில் இருக்கிறது. அடர்த்தி என்பது எத்தனை பேர், எவ்வளவு இடம் என்ற கணக்கு. நெரிசல் என்பது மனசில் தோன்றுவது. திருவாரூர் ஆழித்தேர் அன்று வடம் பிடிக்கப் போனால் தோளோடு தோள் இடிக்கும், செருப்பு தொலையும், வியர்வை யாருடையது என்றே தெரியாது. 96 அடி உயரத் தேர் தியாகராஜரைச் சுமந்து அசையும்போது யாரும் "ரொம்பக் கூட்டமப்பா" என்று முகம் சுளிப்பதில்லை. கூட்டம்தான் தேரை இழுக்கிறது. அதே அடர்த்தி அடுத்த நாள் டவுன் பஸ்ஸில் இருந்தால் நடத்துநருக்கு வசவு விழும்.

இன்னும் துல்லியமான உதாரணம் திருவையாறு. தியாகராஜ ஆராதனையில் புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை, காவிரிக் கரையில் சமாதி முன்னால், பெரிய வித்வான்களும் பாட்டு கற்கும் பிள்ளைகளும் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தையும் ஒன்றாகப் பாடுகிறார்கள். நாட்டையில் ஆரம்பித்து ஸ்ரீ ராகத்தில் முடியும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமிக்குச் சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது. சபாவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தால் எழுந்து இடம் மாறியிருப்பேன். அங்கே அவர் என் சக வாடிக்கையாளரா, பாடகரா, என்ன என்று பிரிக்கவே முடியவில்லை. நானும் அவரோடு சேர்ந்து கொஞ்சம் விலகிப் பாடினேன்.

கடைக்காரர் என்ன செய்யலாம்

சேவை நடத்துபவர் கையில் இருப்பது யாரை யாரோடு, எப்போது சேர்ப்பது என்ற முடிவு. குடும்பத்துக்குத் தனி அறை என்று ஓட்டல்கள் வைப்பதும், காலை ஆறு மணிக் காபிக்காரர்களை வாசல் பக்கமே நிறுத்திவிடுவதும் இதுதான். நூலகத்தில் பேசாதே என்ற பலகையும் இதுதான். நெரிசல் நேரத்தில் விலையை ஏற்றுவது, நெரிசல் இல்லாத நேரத்தில் குறைப்பது இன்னொரு வழி. நம் ஊரில் அது எடுபடாது, சாப்பாட்டுக்கு மதியம் ஒரு விலை, மூன்று மணிக்கு ஒரு விலை என்றால் சண்டைக்கு வருவார்கள்.

தொடக்கத்தில் சொன்ன மெஸ்ஸின் முதலாளியிடம் ஒருநாள் கல்லாவில் நின்று இந்த நாற்காலிக் கையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் ஒரு மாதம் கழித்துப் போனால் வாசலில் இரண்டு பெஞ்ச் போட்டு, அட்டையில் எண் எழுதி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரும் யார் முதுகிலும் நிற்கவில்லை. நிதானமாக வத்தக்குழம்பு, ரசம், மோர், அப்பளம் என்று சாப்பிட்டேன்.

அடுத்த முறை போனபோது டோக்கன் இல்லை. பெஞ்ச் மட்டும் இருந்தது. "என்னாச்சு?" என்றேன்.

"சார், நீங்க சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எல்லாரும் உங்களை மாதிரியே நிதானமா சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. மூணு பந்தி போன இடத்துல ரெண்டுதான் போச்சு. வெளிய வெயில்ல நிக்கிறவங்க டோக்கனைக் கிழிச்சுப் போட்டுட்டு எதிர்க் கடைக்குப் போயிட்டாங்க."

அன்றைக்கு நான் போனது ஒன்றரை மணிக்கு. உள்ளே இடமில்லை. வத்தக்குழம்பு பிசைந்துகொண்டிருந்த ஒருவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். கையை வைக்கவில்லை. நின்றேன், அவ்வளவுதான். அவர் மோருக்குத் தாவினார்.